முன்வரிசைக்குத் தமிழ் புரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 9ஆம் தேதி, வியாழக்கிழமை இரவு, காலாங் தேசிய விளையாட்டரங்கில் சிங்கப்பூரும் இந்தியாவும் மோதிய ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்றுக் காற்பந்து ஆட்டத்துக்குப் போயிருந்தேன். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அறுபது வயதைத் தாண்டிய பெரியவர், அவருடைய மகள், ஏழெட்டு வயதுப் பேத்தி. மூன்று பேரும் சிவப்புச் சட்டை. அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவும், அவர்களுடைய ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கவும்தான் இந்தக் கடிதம். பெயர் தெரியாது, எந்த வட்டாரம் என்றும் தெரியாது. ஆனால் இடைவேளையில் பெரியவர் பையிலிருந்து மடித்து வைத்திருந்த உங்கள் பத்திரிகையை எடுத்து முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார். அதனால் இங்கே எழுதினால் அவர் கண்ணில் படும் என்று நம்புகிறேன்.

நான் சிங்கப்பூருக்கு வந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை, ஈசூனில் நான்கு பேராகச் சேர்ந்து ஓர் அறை. சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர். தூத்துக்குடி இல்லை, தூத்தூர். கேரள எல்லைக்குப் பக்கத்தில் கடலை ஒட்டி வரிசையாகக் கிடக்கிற மீனவ ஊர்களில் ஒன்று. தமிழ்நாடு முழுக்க கிரிக்கெட் பைத்தியம் பிடித்துத் திரிந்தாலும் எங்கள் பக்கத்தில் பையன்கள் நடக்கப் பழகியதும் பந்தைத்தான் உதைப்பார்கள். மாநிலங்கள் மோதுகிற சந்தோஷ் கோப்பைக்கு ஆடியவர்கள் அந்தக் கரையோரத்தில் நிறையப் பேர் உண்டு, இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) வரை போன மைக்கேல் சூசைராஜ் பக்கத்து ஊரான இரவிபுத்தன்துறைக்காரர். பங்குத் திருவிழா வந்தால் காற்பந்துப் போட்டியும் வந்துவிடும், மைக்கில் ஒருவர் மூச்சுவிடாமல் வர்ணனை சொல்லிக்கொண்டிருப்பார், மைதானத்தின் கோடு எது என்றால் நிற்கிறவர்களின் கால்விரல்தான் கோடு, பந்து வெளியே போனால் கூட்டத்தில் யார் மூக்கில் பட்டது என்று பார்த்துத்தான் த்ரோ கொடுப்பார்கள். அங்கே சத்தம் இருக்கும், தள்ளுமுள்ளு இருக்கும், கெட்ட வார்த்தையும் தாராளமாக இருக்கும். ஆனால் திட்டியவனும் திட்டு வாங்கியவனும் மறுநாள் விடியற்காலையில் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போவார்கள். பிறந்ததிலிருந்து முகம் தெரிந்தவர்களுக்கு நடுவில் விழுகிற வார்த்தை அது. அன்றைக்கே கரைந்துவிடும். அதே வார்த்தையை முகம் தெரியாத ஊரில், முகம் தெரியாத மனிதர்களுக்கு நடுவில் போட்டால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை.

ஆட்டத்துக்கு ஆறு பேர் போனோம். நான் மட்டும்தான் குமரி மாவட்டம், மற்றவர்கள் புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருவாரூர். அதில் என் அறைத் தோழன் ஒருவன் இந்திய அணியின் நட்சத்திரம் சுனில் சேத்ரியை வாழ்க்கையில் ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவன், டிக்கெட் எல்லாம் அவன்தான் போட்டான். வேலை முடிந்து ஓடி வந்து குளித்து, ஈசூனில் ரயில் ஏறி, பீஷானில் வட்டப் பாதைக்கு மாறி, ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கினோம். பெட்டி முழுக்கச் சிவப்பு. எங்கள் ஆறு பேரில் நான்கு பேர் நீலம், நானும் நீலம். லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய சட்டை அது, சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் எரிந்துகொண்டிருந்த சமயம். ரயிலில் ஒரு மலாய்ப் பையன் எங்கள் சட்டையைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

உள்ளே நுழைந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். 300 மீட்டருக்கும் அதிக அகலத்துக்குத் தூண் இல்லாத ஒரே கூரை, 55,000 பேர் உட்காரலாம். கப்பலுக்குள் இரும்பைப் பற்றவைத்துப் பிழைக்கிறவனுக்கு அந்தக் கூரையைப் பார்த்தால் வேறு மாதிரி ஒரு மரியாதை வரும், எத்தனை பேர் எத்தனை இரவு தொங்கிக்கொண்டு வேலை பார்த்திருப்பார்கள் என்று. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு கூட்டம் முரசு அடித்துக்கொண்டே இருந்தது. உட்காரவே இல்லை அவர்கள். எங்கள் பகுதியில் சிவப்பும் நீலமும் கலந்துதான் இருந்தது.

தேசிய கீதம் வந்தது. ஜன கண மன ஒலித்தபோது முன்வரிசைப் பெரியவர் கையைத் தொடையோடு ஒட்டி வைத்து அசையாமல் நின்றார். அடுத்து மஜுலா சிங்கப்பூரா. அந்தக் குட்டிப் பெண் கழுத்தில் சிவப்பு ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு தொண்டை நரம்பு தெரியப் பாடினாள். பெரியவரும் மகளும் சேர்ந்து பாடினார்கள். இதைப் பார்த்துவிட்டு நான் ஒரு கேள்வி கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அதை எனக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. "ஐயா, நீங்க தமிழ் ஆளுதானே, எப்படி அந்தப் பக்கம் இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தம்பி, நான் இங்கதான் பொறந்தேன். எங்கப்பாவும் இங்கதான். நான் தேசிய சேவை செஞ்சேன், என் மகனும் செஞ்சான். வேற எந்தப் பக்கம் இருக்கச் சொல்ற?" என்றார். இவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். நம்மில் ஊரிலிருந்து வருகிற பலபேருக்கு இந்த எண்ணம் இருக்கிறது, நானே சாட்சி. தமிழ் பேசுகிற யாரைப் பார்த்தாலும் "சொந்த ஊர் எது?" என்று கேட்கிறோம், அவர் ஈசூன் என்றோ பிடோக் என்றோ சொன்னால் "அது சரி, ஊருல எது?" என்று மறுபடியும் கேட்கிறோம். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறவரிடம் அப்படிக் கேட்பது அவரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிற மாதிரி. பாசத்தில்தான் கேட்கிறோம், சரி. ஆனால் கேட்கிறவனுக்குப் பாசம், கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கு அது வேறு.

அப்புறம் அவரே பேச ஆரம்பித்தார். பழைய தேசிய விளையாட்டரங்கு 1973ல் இதே காலாங்கில் திறந்தது, அங்கே, அந்தக் காலத்தில் சிங்கப்பூரும் ஆடிய மலேசியக் கிண்ண ஆட்டம் நடந்தால் சத்தம் எவ்வளவு தூரம் போகும், அதற்குக் 'காலாங் முழக்கம்' என்று பெயரே இருந்தது, இதையெல்லாம் சொன்னார். 1977 இறுதி ஆட்டத்தை அவர் சமூக மன்றத்துத் தொலைக்காட்சி முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்தாராம். கோலாலம்பூரில் பினாங்கை 3-2 என்று, கூடுதல் நேரம் வரை போய், குவா கிம் சோங் போட்ட கோலால் ஜெயித்த ஆட்டம். "அன்னிக்குக் கேப்டன் யாரு தெரியுமா? சமது அல்லாப்பிச்சை. நம்மாளு," என்றார். கோல் கம்பத்தைச் சுற்றி வளைந்து போகிற மாதிரி பந்தை அடிக்கிற எஸ். ராஜகோபால், 'டேஸ்லர்' என்று கூப்பிடப்பட்ட வி. சுந்தரமூர்த்தி, 1993ல் புருணைக்கு எதிராக அவர் அந்தரத்தில் படுத்து அடித்த கோல். 1994ல் ஷா ஆலமில் பாகாங்கை 4-0 என்று தோற்கடித்துக் கிண்ணத்தைத் தூக்கியபோது எல்லை தாண்டிப் போன பல்லாயிரம் பேரில் இவரும் ஒருத்தர். பழைய அரங்கை மூடி இடித்துவிட்டுத்தான் 2014ல் இதைத் திறந்தார்களாம். மைதானத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார், நானும் சேத்ரியை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். 'நம்மாளு' என்று அவர் சொன்னபோது அதில் நானும் அடக்கமா, இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல் எனக்கு அன்று இனித்தது.

இந்த நேரத்தில்தான் என் தோழன் ஆரம்பித்தான். நடுவர் ஒரு ஃபவுல் கொடுக்கவில்லை. உடனே தமிழில், முழுத் தொண்டையில், தாயை இழுத்து ஒரு வார்த்தை. நம் ஊரில் பேருந்து நிலையத்தில் சர்வசாதாரணமாகக் காதில் விழுகிற அதே வார்த்தை. மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்து ஒரு சிங்கப்பூர் ஆட்டக்காரருக்கு, அடுத்து இன்னொருவருக்கு. நான் அவன் முழங்கையை இடித்தேன். அவன் சொன்னான்: "இங்க யாருக்குடா புரியப் போகுது?"

முன்வரிசைக்குப் புரிந்தது. குட்டிப் பெண் திரும்பிப் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை, எதையோ சரிபார்க்கிற பார்வை. தாத்தாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "தாத்தா, அது சொல்லக் கூடாத வார்த்தைதானே?" என்று கேட்டாள். நல்ல தமிழில் கேட்டாள். பெரியவரின் மகளுக்குப் பக்கத்தில் அவருடன் வேலை பார்க்கிற சீனப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவர் சிரித்துக்கொண்டே, இவர்கள் என்ன கத்துகிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் தோழியிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது எனக்குத் தெரிந்தது.

இந்த இடத்தைத்தான் நான் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறேன், குறிப்பாக என்னைப் போல அண்மையில் வந்தவர்களுக்கு. நாம் வேலை பார்க்கிற இடத்தில் நம் மேலாளருக்குத் தமிழ் தெரியாது, பக்கத்தில் நிற்கிற பங்ளாதேஷ்காரருக்கோ மியன்மார்காரருக்கோ தெரியாது. அதனால் தமிழ் ஒரு மூடின அறை, உள்ளே என்ன பேசினாலும் வெளியே போகாது என்கிற பழக்கம் நமக்கு வந்துவிடுகிறது. ஆனால் இது தமிழை நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிற நாடு. ரயில் நிலையத்தில் தமிழ் எழுதியிருக்கிறது, பள்ளிக்கூடத்தில் தமிழ் இருக்கிறது. நாம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த மொழி இங்கே குடியிருக்கிறது.

அதைவிட எனக்கு வலித்தது இன்னொன்று. இங்கே தமிழ் வீடுகளில்கூடப் பிள்ளைகள் ஆங்கிலம்தான் அதிகம் பேசுகிறார்கள் என்று நம் பத்திரிகையிலேயே எத்தனையோ தடவை வருகிறது. அப்படியிருக்க ஒரு குடும்பம் மெனக்கெட்டு ஒரு பிள்ளையைத் தமிழ் பேச வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வீட்டையும் வகுப்பையும் தாண்டித் தமிழ் எங்கே காதில் விழும்? ரயிலில் நாம் பேசும்போது விழும், கடையில் விழும், இப்படி ஒரு விளையாட்டரங்கில் விழும். வெளியுலகத்தில் உயிரோடு இருக்கிற தமிழ் என்று அவள் கேட்பது நம் வாயிலிருந்து வருவதைத்தான். அன்றைக்கு அவள் கேட்டது அது.

நான் எழுந்து முன்னால் குனிந்து பெரியவரிடம் "மன்னிச்சிருங்க ஐயா" என்றேன். அவர் என் தோழனைப் பார்த்து, "கத்துப்பா, நல்லாக் கத்து, ஆட்டம்னா சத்தம் வேணும். நாங்க எல்லாம் கத்தாத கத்தா?" என்றார். அப்போதுதான் அரங்கம் முழுக்க ஒரே தாளத்தில் ஒரு சத்தம் வந்தது. எனக்கு முதலில் 'காய், காய்' என்று கேட்டது. கவனித்தால் 'ரெஃப்ரி காயு'. மலாயில் காயு என்றால் மரம், கட்டை. நடுவர் தவறு செய்தால் இங்கேயும் மலேசியாவிலும் காலங்காலமாகக் கத்துவது அதுதானாம், பெரியவர் விளக்கினார். "நம்ம மரமண்டைதான் தம்பி," என்றார். கடல் தாண்டி வந்து இரண்டு மொழியில் ஒரே திட்டைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் "நடுவர் மரமண்டை!" என்று கத்தினேன். குட்டிப் பெண்ணுக்கு அது பிடித்துவிட்டது. அவளும் கத்தினாள், அவள் அம்மா சிரித்தார், சீனத் தோழிக்கும் சொல்லிக் கொடுத்தார், அவர் 'மரமண்டே' என்றார். என் தோழன்கூட அதைச் சொல்ல ஆரம்பித்தான். முதல் பாதி முடிகிற நேரத்தில் இக்சான் ஃபாண்டி கோல் போட்டபோது அரங்கம் அதிர்ந்தது, என் நெஞ்சுக்குள் அந்த அதிர்வு வந்தது, எங்கள் பக்கம் தோற்றுக்கொண்டிருந்தும் எனக்கு அது வருத்தமாக இல்லை. அந்த இருபது நிமிடம்தான் சிங்கப்பூருக்கு வந்ததிலிருந்து நான் மனம்விட்டுச் சிரித்த நேரம். அதை நான் மறக்க மாட்டேன்.

இடைவேளையில் இன்னொன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் ஒருவன் "ஆட்டத்தை வித்துட்டானுங்க" என்று சும்மா சொன்னான். பெரியவர் முகம் மாறிவிட்டது. அதற்கு இங்கே 'கேலோங்' என்று ஒரு சொல் இருக்கிறதாம். எனக்கு அந்தச் சொல் தெரியும், ஆனால் வேறு அர்த்தத்தில். கடலுக்குள் மரக்கால் ஊன்றி மேடை கட்டி மீன் பிடிப்பார்களே, அதற்குப் பெயர் கேலோங், மீனவன் என்பதால் வந்த புதிதிலேயே விசாரித்து வைத்திருந்தேன். காசு வாங்கிக்கொண்டு ஆடுகிற ஆட்டத்துக்கும் அதே பெயர் எப்படி வந்தது என்று அவர் சொல்லவில்லை. 1990களில் அந்த வியாதி வந்துதான் நிரம்பி வழிந்த காலாங் காலியானது, விளையாட்டுக்காக அந்தச் சொல்லைச் சொல்லாதே என்று மட்டும் சொன்னார். அவர் பிரியத்தோடு வளர்த்த ஒரு செடியைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது.

இரண்டாம் பாதி தொடங்கிய வேகத்திலேயே இந்தியாவின் சந்தேஷ் ஜிங்கனுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை. பத்துப் பேராக ஆடினார்கள். எங்கள் ஆட்கள் மறுபடியும் சூடாகிவிட்டார்கள். நேரம் போகப் போக வாய் பழைய இடத்துக்கே போனது. 90வது நிமிடத்தில் சிங்கப்பூரின் தற்காப்பில் நடந்த ஒரு தவற்றில் பந்து ரஹீம் அலியிடம் சிக்கியது. கோல். 1-1.

நான் குதித்தேன். உண்மையைச் சொல்கிறேன், எல்லாவற்றையும் மறந்து குதித்தேன். அதனால்தான் என் தோழன் இருக்கை மேல் ஏறியதை நான் பார்க்கவில்லை. அவன் மேலே நின்றுகொண்டு, முன்வரிசையில் பெரியவருக்கு அந்தப் பக்கம் இருந்த சிவப்புச் சட்டைப் பையன்களைப் பார்த்து, கையையும் காட்டி அந்த வார்த்தையைக் கத்தினான். அதில் ஒரு பையனுக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ, கை காட்டியது எந்த மொழியிலும் புரியும். அவன் திரும்பி, இந்தியாவிலிருந்து வந்தவர்களைக் குறிக்க இங்கே சிலர் பயன்படுத்துகிற ஒரு மோசமான சொல்லைச் சொல்லி, ஊருக்குத் திரும்பிப் போ என்றான். அதுவும் தப்பு. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது, அந்தச் சொல்லைச் சொல்கிறவர்களும் இதைப் படித்தால் யோசிக்க வேண்டும், வேலை அனுமதியோடு வந்து உழைக்கிறவனுக்கு அது எங்கே போய்க் குத்தும் என்று. ஆனால் ஆரம்பித்தது நாங்கள். நெஞ்சோடு நெஞ்சு முட்டினார்கள். பெரியவர் நடுவில் போய் நின்றார். யாருடைய முழங்கையோ பட்டு அவர் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. குட்டிப் பெண் அழுதாள். இரண்டு பாதுகாவலர்கள் ஓடி வந்து இரண்டு பக்கத்தையும் பிரித்தார்கள். நான் குனிந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன், உடையவில்லை. அவர் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டம் முடிவதற்கு முன்பே படியேறிப் போய்விட்டார்கள். அவ்வளவு வருடம் காலாங்கில் ஆட்டம் பார்த்த மனிதர், கடைசி விசிலுக்கு முன்னால் எங்களால் எழுந்து போனார்.

திரும்பி வரும்போது ரயிலில் யாரும் பேசவில்லை. எங்கள் அணி சமன் செய்த இரவு அது, கொண்டாடியிருக்க வேண்டும். அறைக்கு வந்து என் தோழன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். நள்ளிரவுக்கு மேல் ஆகியிருக்கும், "அந்தப் பாப்பா என்னப் பாத்துதான் அழுதுச்சா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

ஐந்து நாள் கழித்து கோவாவில் சிங்கப்பூர் 2-1 என்று இந்தியாவை வென்றது. கைப்பேசியில் பார்த்தோம். நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கில் நடந்த ஆட்டத்தை ஈசூனில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து பார்த்தோம், தே தாரிக் தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. ஒரு கோல் பின்தங்கியிருந்து இரண்டாம் பாதியில் ஷவால் அனுவார் ஒன்று, இல்ஹான் ஃபாண்டி ஒன்று. 2-1. 1984ல் போட்டியை நடத்திய நாடு என்பதால் சிங்கப்பூர் ஆசியக் கிண்ணத்தில் ஆடியது, சொந்தமாகத் தகுதி பெற்றது இதுதான் முதல் தடவை. கடையில் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள், நாங்களும் எழுந்தோம். எனக்கு உடனே அந்தப் பெரியவர் முகம்தான் வந்தது. இதைப் பார்க்க அவர் எத்தனை வருடம் காத்திருந்திருப்பார். அன்றைக்குத்தான் இந்தக் கடிதத்தை எழுதியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என்னைப் போல வந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து ஆட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் புல்தரையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு, முஸ்தஃபா கடையிலிருந்து நடந்தே போய்விடலாம் ஜாலான் புசார் விளையாட்டரங்குக்கு. 1929ல் திறந்து, பிறகு புதுப்பித்த பழைய அரங்கு, ஆறாயிரம் பேர்தான் கொள்ளும், ஆட்டக்காரர் மூச்சு வாங்குகிற சத்தம்கூடக் கேட்கிற அளவுக்குப் பக்கத்தில் உட்காரலாம். நான் அதற்குப் பிறகு இரண்டு உள்ளூர் லீக் ஆட்டங்களுக்கு அங்கே போனேன். போங்கள், கத்துங்கள், விசில் அடியுங்கள். "விடாத, ஏறு, தூக்கிப் போடு, அடிடா" என்று கத்துவதற்கு நம் மொழியில் வார்த்தைக்கா பஞ்சம்? மரமண்டை இருக்கவே இருக்கிறது. கத்துவதற்கு முன்னால் முன்வரிசையைப் பாருங்கள். கூட வந்தவன் இருக்கை மேல் ஏறினால் கையைப் பிடித்து இறக்குங்கள், நான் செய்யத் தவறியது அதுதான்.

ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். ஜாலான் புசாரிலும் மற்ற அரங்குகளிலும் வார இறுதியில் நடக்கிற உள்ளூர் ஆட்டங்களின் நேரத்தை, சனிக்கிழமைப் பத்திரிகையில் ஒரு சின்னக் கட்டமாகப் போடுங்கள். இங்கிலாந்தில் எந்த அணி எத்தனை மணிக்கு ஆடுகிறது என்று எங்கள் விடுதியில் எல்லாருக்கும் தெரியும், பக்கத்துத் தெருவில் நடக்கிற ஆட்டம் தெரியாது. அதேபோல அந்தப் பெரியவரைப் போன்றவர்களை உட்கார வைத்து அந்தக் காலத்துக் கதைகளைக் கேட்டு எழுதுங்கள். சமது அல்லாப்பிச்சை, ராஜகோபால், சுந்தரமூர்த்தி, இந்தப் பெயர்களை நான் ஆட்டத்துக்கு முன்பே கேள்விப்பட்டிருந்தால் அந்த முட்டாள் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

கடைசியாக அந்தப் பொருள். அவர்கள் எழுந்து போன பிறகு இருக்கைக்கு அடியில் சிவப்பு ஸ்கார்ஃப் கிடந்தது, குட்டிப் பெண்ணுடையது. எடுத்துக்கொண்டு படியேறி ஓடினேன், கூட்டத்தில் பிடிக்க முடியவில்லை. தொலைந்த பொருள் வாங்குகிற இடத்தில் கொடுத்திருக்கலாம்தான், ஆனால் அந்த இரவை நினைத்து அவர்கள் அதைத் தேடி வராமலே விட்டுவிடுவார்களோ என்று பயந்து வைத்துக்கொண்டேன். ஒரு மூலையில் யாரோ மிதித்த ஷூ அடையாளம் இருந்தது. என் தோழன்தான் அதைத் துவைத்தான், கையால், இரண்டு தடவை. கறை போய்விட்டது. என் எண்ணை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். ஐயா, நீங்கள் எங்கே வரச் சொன்னாலும் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறேன். அவனும் வருகிறேன் என்கிறான், நீங்கள் சரி என்று சொன்னால்.

இப்படிக்கு,
தூத்தூர்க்காரன் ஒருவன்,
ஈசூன்